பன்னிரண்டு மணிக்குக் கிளம்பாத விருந்தாளிகள்

அத்தியாயம் 17

அக்கா இன்னும் அந்த மேஜைக்குப் பின்னால்தான் உட்கார்ந்திருக்கிறாள். போன வாரம் அவளை அங்கே உட்கார வைத்து, முன்னால் மூன்றடி உயரத்துக்கு ஒரு பூச்சாடியையும் வைத்துவிட்டு நாம் பாட்டுக்குப் போய்விட்டோம். ஒரு வாரமாக அப்படியே இருக்கிறாள், பாவம்.

இடையில் ஒரு வாரம் விட்டுப்போனவர்களுக்கு மட்டும் சொல்லிவிடுகிறேன். அக்காவுக்குக் கல்யாணமாகி ஐந்து மாதம். வயிற்றில் ஏழு மாதம். எங்கள் வீட்டில் கல்லூரி வாசலை மிதித்தவள் நான் ஒருத்திதான். ஆனாலும் இந்தக் கணக்கைப் போட யாருக்கும் என் உதவி தேவைப்படவில்லை.

மாப்பிள்ளை லிஃப்ட் மெக்கானிக். அப்பா பஸ் டிப்போவில் டைம் கீப்பர். எந்த வண்டி எத்தனை மணிக்கு வெளியே போனது, எத்தனை மணிக்கு உள்ளே வந்தது என்று முப்பது வருஷமாக எழுதுகிற மனிதர். அப்படிப்பட்டவருக்கு, மகள் பதிவு அலுவலகத்தில் கையெழுத்துப் போட்டதை ஒரு கண்டக்டர் வந்து சொல்ல வேண்டியிருந்தது. "ஊர் வண்டியெல்லாம் கிளம்புற நேரம் தெரியும், வீட்டு வண்டி கிளம்புனது தெரியலையே" என்று டிப்போவில் எவனோ சிரித்திருக்கிறான். அன்றைக்கு மூடிய வாயை அப்பா அக்காவிடம் இன்னும் திறக்கவில்லை. ஐந்து மாதம். ஒரு வார்த்தை கிடையாது.

இந்த லட்சணத்தில்தான் இன்றைய விருந்து. கல்யாணத்துக்கும் வரப்போகிற குழந்தைக்கும் சேர்த்து ஒன்றாக. ஆனால் ஆட்கள் ஒன்றாக அல்ல. காலை பத்திலிருந்து பன்னிரண்டு வரை பெரியத்தையும் டிப்போக்காரர்களும். இவர்களுக்குக் கல்யாணம் மட்டும். மாலை நாலு மணிக்கு மாப்பிள்ளை பக்கத்து மனிதர்களும், அக்கா வேலை பார்க்கிற மருந்துக்கடைக்காரர்களும். இவர்களுக்குக் கல்யாணமும் குழந்தையும்.

யோசனை அம்மாவுடையது. நேர அட்டவணை அப்பாவுடையது. இரண்டையும் நடத்திக் காட்டுகிற தலையெழுத்து என்னுடையது. "நீதானே படிச்சவ" என்று ஒரு வார்த்தை போதும் இந்த வீட்டில். விண்ணப்பம், ரேஷன் கார்டு, கரண்டு ஆபீஸ், இப்போது அக்காவின் வயிறு.

காலை ஒன்பதே முக்காலுக்கு, அவள் தோளில் தடித்த சால்வையைச் சுற்றிவிட்டுக்கொண்டிருந்தேன். டிப்போ தொழிலாளர் சங்கக் கூடத்தின் பின்னறை. ஒரு கண்ணாடி, இரண்டு பிளாஸ்டிக் நாற்காலி, மூலையில் பழைய கொடிக்கம்புகள். அக்கா என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள்.

"ஒண்ணு சொல்றேன். சத்தம் போடாதே."

"போடறேனா இல்லையான்னு கேட்டுட்டுச் சொல்றேன்."

"அவருக்கு வெளியூர்ல புதுக் கட்டடம். பன்னெண்டு மாடி. ரெண்டு மாசம் அங்கதான். நாளைக்குக் காலைல ஏழு மணிக்குக் கம்பெனி வேன் வருது."

"நாளைக்கா? நீ?"

"நானும்தான் போறேன்."

"ஏழு மாசத்துல எங்கடி போவ? அங்க ஆஸ்பத்திரி இருக்கா?"

"ஒன்றரை மணி நேரம் போகணுமாம்." அவள் சாதாரணமாகச் சொன்னாள், ஏதோ கடைக்குப் போகிற தூரம் மாதிரி. "இங்க தனியா இருந்தா மட்டும் என்ன? மூணாவது மாடி. அம்பத்து நாலு படி. போன வாரம் பால் வாங்கப் போயிட்டு ரெண்டாவது மாடியில உக்காந்துட்டேன். எந்திரிக்க முடியலை."

ஊரெல்லாம் லிஃப்ட் மாட்டுகிற மனிதர் குடியிருக்கிற கட்டடத்தில் லிஃப்ட் இல்லை. இதைச் சொல்லி நாங்கள் பல தடவை சிரித்திருக்கிறோம். அன்றைக்குச் சிரிப்பு வரவில்லை.

"நம்ம வீட்டுக்கு வந்துடு."

"அப்பா கூப்பிட்டா வரேன். 'வா'ன்னு ஒரு வார்த்தை. அவர் வாயால. வேற ஒண்ணும் வேணாம்."

"நான் போய்ச் சொல்றேன் அவர்கிட்ட, நாளைக்கு வேன் வருதுன்னு..."

"சொல்லக் கூடாது." பிடி இறுகியது. "வேன் வருதேன்னு பயந்து கூப்பிட்டா அது கூப்பிட்டதாகாது. தானா வரணும். அம்மாகிட்டயும் சொல்லாதே. என் கைமேல அடிச்சுச் சொல்லு."

அடித்துச் சொன்னேன். கொஞ்சம் பலமாகவே அடித்தேன். எனக்கு அவ்வளவு எரிச்சல்.

பத்து மணிக்கு டிப்போக்காரர்கள் வரிசையாக வந்தார்கள், ஒரு நிமிஷம் முன்னே பின்னே இல்லாமல். அப்பா வாசலில் கடிகாரத்தோடு நின்றால் யார்தான் தாமதமாக வருவார்கள்? எல்லோர் கையிலும் பை. கட்டைப் பை, துணிப் பை, மடித்து இடுக்கிய பை. கல்யாணப் பரிசு என்று நினைத்து வாங்கக் கை நீட்டினேன். "இருக்கட்டும் பாப்பா, அப்புறம் தரேன்" என்று ஒவ்வொருவரும் பையை நாற்காலிக்கு அடியில் தள்ளிக்கொண்டார்கள். எனக்கு ஒன்றும் தோன்றவில்லை. தோன்றியிருக்க வேண்டும்.

பெரியத்தை வந்ததும் அம்மாவின் முகம் வெளிறிவிட்டது. பெரியத்தை அப்பாவுக்கு மூத்தவர். மார்க்கெட்டில் நாற்பது வருஷமாகக் காய்கறிக் கடை. எதையும் தராசில் போடுவதற்கு முன் கண்ணாலேயே எடை சொல்கிறவர். அந்தக் கண்ணுக்குத்தான் பூச்சாடி.

"என்னடி, பொண்ணு பூவுக்குள்ள ஒளிஞ்சுக்கிட்டிருக்கா?"

"அலங்காரம் அத்தை" என்றேன்.

"நல்ல அலங்காரம். என் கடையில கீரைக்கட்டுக்குப் பின்னாடி நான் உக்காந்திருக்கிற மாதிரி இருக்கு."

லிஃப்ட்காரர் அக்கா பக்கத்தில் விறைப்பாக உட்கார்ந்திருந்தார். வாழ்த்த வந்தவர்களுக்கெல்லாம் பூச்சாடிக்கு இந்தப் பக்கமாகக் கையை நீட்டி, அக்காவுக்கும் சேர்த்து அவரே கைகுலுக்கினார். அக்கா உட்கார்ந்தபடியே தலையை மட்டும் ஆட்டினாள். எல்லோரும் போட்டோ எடுத்துக்கொண்டார்கள். எல்லாப் போட்டோவிலும் பூதான் நன்றாக விழுந்திருக்கும்.

சாப்பாடு பதினொன்றரைக்கு முடிந்தது. பன்னிரண்டு மணிக்குக் காலைக் கூட்டம் கிளம்ப வேண்டும். அட்டவணையில் சிவப்பு மையில் அடிக்கோடு போட்டு அப்பா எழுதியிருக்கிறார்.

பன்னிரண்டு அடித்தது. ஒருத்தரும் எழுந்திருக்கவில்லை.

நான் ஒவ்வொரு வரிசையாகப் போய், "ரொம்ப சந்தோஷம், நேரம் ஒதுக்கி வந்தீங்க" என்று ஆரம்பித்தேன். கிளம்புகிறவர்களிடம் சொல்கிற வார்த்தை அது. யாருக்கும் உறைக்கவில்லை. "அதனாலென்ன, நம்ம வீட்டு விசேஷம்" என்று காலை நீட்டிக்கொண்டார்கள்.

பன்னிரண்டு பத்துக்கு மைக் செட்டை நிறுத்தினேன். "அப்பாடா, இப்பதான் பேச முடியுது" என்றார் மீசைக்கார டிரைவர். அப்பாவோடு ஆரம்ப நாளிலிருந்து வேலை பார்த்தவர். பேச ஆரம்பித்தார்.

பன்னிரண்டே காலுக்கு மின்விசிறிகளை அணைத்தேன். கைக்குட்டையால் விசிறிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள்.

பன்னிரண்டரைக்குக் காலி நாற்காலிகளை மடித்து, முடிந்தவரை சத்தம் வரும்படி சுவரில் சாத்தினேன். பெரியத்தை என்னைக் கூப்பிட்டார்.

"என்னடி பட்டதாரி, எங்களைத் துரத்துறியா?"

"ஐயோ, இல்ல அத்தை. கூடம் பன்னெண்டு வரைக்கும்தான் எடுத்திருக்கு."

"ராத்திரி எட்டு வரைக்கும்னு வாசல் போர்டுல எழுதியிருக்கே. நான் படிக்காதவதான், எண்ணு தெரியும்."

அம்மா என்னைத் தூணுக்குப் பின்னால் இழுத்தாள். அவள் தையல் கூடத்தில் பட்டன் வைக்கிறவள். பதற்றம் வந்தால் விரல்கள் தானாக எதையோ தைக்க ஆரம்பித்துவிடும். என் தோளில் தைத்துக்கொண்டே, "இவங்க ஏன்டி போக மாட்டேங்கிறாங்க? நாலு மணிக்கு அவங்க வந்துட்டா? உங்கப்பா மானம் என்னாகும்?" என்றாள்.

"அவர்கிட்டயே கேளு. வாசல்ல மரம் மாதிரி நிக்கிறாரே. வந்து கிளப்பச் சொல்லு."

அப்பா உண்மையிலேயே மரம் மாதிரிதான் நின்றார். கடிகாரத்தைப் பார்ப்பதும், கூட்டத்தைப் பார்ப்பதும், திரும்பவும் கடிகாரத்தைப் பார்ப்பதும். அரை மணி நேரத் தாமதத்தை முகத்தில் ஒரு கோடு மாறாமல் பொறுத்துக்கொண்டு நின்ற அப்பாவை நான் அதுவரை பார்த்ததில்லை. இரண்டு நிமிஷம் பிந்தி வந்த வண்டிக்கு விளக்கக் கடிதம் கேட்கிற ஆள் அவர்.

அப்போதுதான் அக்கா என்னைப் பார்த்துக் கண்ணால் கூப்பிட்டாள். மேஜைக்குப் பின்னால் குனிந்தேன்.

"எனக்குப் போகணும்டி."

"எங்க?"

அவள் பார்த்த பார்வையில் புரிந்தது. பத்து மணியிலிருந்து அவள் எழுந்திருக்கவில்லை. ஏழு மாதம். கழிப்பறை கூடத்தின் மறு கோடியில். நடுவில் நாற்பது ஜோடிக் கண்கள்.

"அஞ்சு நிமிஷம் பொறுத்துக்க. எப்படியாவது..."

"ஒரு மணி நேரமா அதைத்தான் பண்ணிக்கிட்டிருக்கேன்."

"மாமா, நீங்க எந்திரிச்சு மறைச்சுக்கிட்டே கூடப் போக முடியாதா?" என்று லிஃப்ட்காரரிடம் கேட்டேன்.

அவர் தன் ஒல்லி உடம்பை ஒரு தடவை குனிந்து பார்த்துக்கொண்டார். "நான் மறைக்கிற அளவா அது?"

அக்கா சால்வையை உருவி மேஜைமேல் போட்டாள். "போதும். பாக்கிறவங்க பாக்கட்டும்" என்று எழுந்துவிட்டாள்.

பூச்சாடிக்கு இந்தப் பக்கம் முதலில் வயிறு வந்தது. பிறகு அக்கா வந்தாள். ஒரு கையை இடுப்பில் வைத்துக்கொண்டு, முகத்தை நேராக வைத்துக்கொண்டு, நடுவழியில் நடந்தாள். பேச்சு முன்வரிசையிலிருந்து பின்வரிசை வரை ஒவ்வொன்றாக அணைந்தது. அம்மா தூணைப் பிடித்துக்கொண்டாள். நான் கண்ணை மூடிக்கொண்டேன்.

"அப்பாடா!"

பெரியத்தையின் குரல். கண்ணைத் திறந்தேன்.

"காலைலேருந்து எப்ப எந்திரிப்பா, எப்ப எந்திரிப்பான்னு பாத்துக்கிட்டிருக்கேன்! எங்களுக்கும் வீடு வாசல் இல்லையா? நீ போயிட்டு வாடி கண்ணு, மெதுவா போ, தரை வழுக்கும். ரெண்டு கிலோ இப்பவே தேறும்டி."

அதற்குப் பிறகுதான் நாற்காலிகளுக்கு அடியிலிருந்து பைகள் வெளியே வந்தன. கைக்குட்டை அகலத்தில் சட்டைகள். ஒரு கண்டக்டரின் மனைவி பின்னிய மஞ்சள் காலுறைகள், என் கட்டை விரலுக்குப் போதும். கிலுகிலுப்பை மட்டும் ஏழு. மீசைக்கார டிரைவர் வெளியே போய் இரண்டு பேரோடு தார்ப்பாய் மூடிய எதையோ தூக்கிக்கொண்டு வந்து நடுக்கூடத்தில் வைத்துத் திறந்தார்.

தொட்டில். கழித்துப்போட்ட பஸ்ஸின் கைப்பிடிக் கம்பிகளை வளைத்துச் செய்தது. டிப்போ வண்டிகளின் அதே பச்சைப் பெயின்ட். தலைமாட்டில் ஒரு பழைய பஸ் மணி, இழுக்கக் கயிறோடு.

"நம்ம ஒர்க் ஷாப்புல மூணு வாரமா செஞ்சோம்" என்றார் டிரைவர். "கம்பியெல்லாம் ராவி ராவி, ஒரு இடத்துல கூடக் கையில குத்தாது. வேணா தடவிப் பாரு."

"மூணு வாரமா?" என்றேன். "உங்களுக்கு யார் சொன்னது?"

கூடம் மொத்தமும் வாசலைப் பார்த்தது. வாசலில் நின்றவர் கடிகாரத்தைப் பார்த்தார்.

"உன்கிட்ட மட்டும்தான் சொல்றேன், வெளிய விடாதேன்னார்" என்றார் டிரைவர்.

"என்கிட்டயும் அப்படித்தான் சொன்னார்" என்றார் ஒரு கண்டக்டர்.

"என்கிட்டயும்."

"எனக்குக் கடைக்கே வந்து சொன்னான்" என்றார் பெரியத்தை. "வியாபார நேரத்துல. ரெண்டு கிலோ தக்காளியும் தூக்கிக்கிட்டுப் போனான்."

டிரைவர் குரலைத் தாழ்த்தினார். அந்தக் குரல் தாழ்ந்தாலும் கடைசி வரிசை வரை கேட்கும். "போன தடவை ஊரு சொல்லி எனக்குத் தெரிஞ்சுது, இந்தத் தடவை நான் சொல்லித்தான் ஊருக்குத் தெரியணும்னார் பாப்பா. அவர் சொல்றது நியாயம்தானே?"

அம்மா தூணை விட்டு வந்தாள். பயம் போன இடத்தில் கோபம் வந்து உட்கார்ந்திருந்தது. "அப்ப இந்த ரெண்டு பட்டியல் எதுக்கு? பூச்சாடி எதுக்கு? உங்களுக்குத் தலைக்குனிவா இருக்குமேன்னுதானே நான் ராப்பகலா இதைப் போட்டுக் குழப்பினேன்!"

அப்பா என்னைப் பார்த்துச் சொன்னார். "மறைக்கணும்னு சொன்னது உங்கம்மா. அவளுக்கு வெக்கமா இருக்குன்னு நினைச்சேன். அட்டவணை கேட்டா, போட்டுக் குடுத்தேன்."

"எனக்கென்ன வெக்கம்! கணக்கு இடிக்குதேன்னு உங்கக்கா கேப்பாங்கன்னுதான்..."

"எனக்குத் தெரியாத கணக்கா?" என்றார் பெரியத்தை. "என் மூத்தவன் எட்டாம் மாசமே பொறந்துட்டான்னு ஊர் பூரா சொல்லி வெச்சோம். பொறந்தப்ப நாலு கிலோ. ஒரு பயல் கேக்கலையே."

எல்லோரும் சிரித்தார்கள். எனக்குத் தலையில் அடித்துக்கொள்ளலாம் போலிருந்தது. மூன்று வாரம். இரண்டு விதமான அழைப்பிதழ். யாருக்கு எது என்று பார்த்துப் பார்த்து மேல் உறையில் எழுதிய என் கை. ஒரே வீட்டில், ஒரே சமையலறையில் புருஷனும் பெண்டாட்டியும் ஒரு தடவை, ஒரே ஒரு தடவை வாயைத் திறந்து கேட்டிருந்தால் இவ்வளவும் மிச்சம்.

அக்கா கழிப்பறையிலிருந்து திரும்பி வந்து தொட்டிலுக்கு அருகே நின்றிருந்தாள். எப்போது வந்தாள் என்று நான் கவனிக்கவில்லை. மணிக் கயிற்றை ஒரு தடவை இழுத்தாள். டிங்.

"ஊருக்கெல்லாம் சொல்லியிருக்கார்" என்றாள் என்னிடம். "தக்காளிக் கடை வரைக்கும் போய்ச் சொல்லியிருக்கார். என்கிட்ட மட்டும் சொல்லலை, இல்ல?"

சிரிப்பு நின்றது. அவளுக்கும் அப்பாவுக்கும் நடுவில் பத்தடி. அதன் நடுவில் நான், வழக்கம்போல.

அப்பா சட்டைப் பையிலிருந்து நாலாக மடித்த ஒரு தாளை எடுத்து என்னிடம் நீட்டினார். "இதை உங்கக்காகிட்ட குடு."

டிப்போ டிரிப் ஷீட். அச்சடித்த கட்டங்களுக்குள் அப்பாவின் சாய்வெழுத்து. கொடுப்பதற்குள் படித்துவிட்டேன், நான்தான் படித்தவளாயிற்றே. கீழறை காலி செய்யப்பட்டது. கட்டில் உயரம் குறைக்கப்பட்டது. வலி ஏற்பட்டால், பகல்: எதிர்வீட்டு வேன். இரவு: டிப்போ ஜீப், டிரைவர் பெயருடன். ஆஸ்பத்திரிக்குப் பதினோரு நிமிடம், மழையில் பதினாறு. டைம் கீப்பர் விடுப்பு: இரண்டு மாதம். கடைசிக் கட்டத்தில் புறப்படும் இடம் என்பதற்கு எதிரே அக்காவின் வீட்டு முகவரி. சேருமிடம்: வீடு.

தாளை மறுபடி நாலாக மடித்தேன். அக்காவிடம் கொடுத்தேன்.

அவள் நிதானமாகப் படித்தாள். கண் நிறைந்தது. நிறைந்த கண்ணோடு தாளை மடித்து என்னிடமே திருப்பிக் கொடுத்தாள்.

"இதுல எல்லாம் இருக்கு. 'வா' இல்லை. வாயால சொல்லச் சொல்லு."

நான் அப்பாவைப் பார்த்தேன். அவர் உதடு அசைந்தது. அத்தனை பேரும் மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தார்கள். அசைந்த உதடு நின்றது.

"அதான் எழுதியிருக்கேன்னு சொல்லு" என்றார் என்னிடம்.

"எழுதினா வரமாட்டேன்னு சொல்லு" என்றாள் அக்கா என்னிடம்.

எனக்குள் ஏதோ அறுந்தது.

"நான் என்ன உங்க ரெண்டு பேருக்கும் தபால் பெட்டியா? காது கேக்குதில்ல ரெண்டு பேருக்கும்? அஞ்சு மாசமா, 'சாப்பிட்டாளான்னு கேளு', 'மாத்திரை போட்டாரான்னு கேளு', 'கேட்டேன்னு சொல்லாதே'! இதுக்காகவா நான் ராவெல்லாம் விழுந்து விழுந்து படிச்சேன்? இன்னையோட சரி. இனிமே இந்த வீட்டுல யார் சொன்னதையும் யாருக்கும் கொண்டு போய்ச் சொல்ல மாட்டேன். சேதி வேணும்னா நேர்ல சொல்லிக்குங்க. இல்லைன்னா விடுங்க."

தாளைத் தொட்டிலுக்குள் போட்டுவிட்டு வெளியே போய்விட்டேன்.

வாசல் படியில் உட்கார்ந்து காத்திருந்தேன். நான் நடுவில் இல்லாவிட்டால் பேசிவிடுவார்கள் என்று ஒரு நப்பாசை. உள்ளே அந்த மணி மட்டும் இன்னும் ஒரு தடவை அடித்தது. அது பெரியத்தை என்று பிறகு தெரிந்தது.

நாலு மணிக்கு மாலைக் கூட்டம் வந்தது. காலைக் கூட்டமும் போகவில்லை. மடித்த நாற்காலிகளை எல்லாம் மறுபடி விரித்தேன். மருந்துக்கடைக்காரர்கள் காலுறைகளைக் கையில் மாட்டிப் பார்த்தார்கள். பெரியத்தை மாப்பிள்ளையின் அம்மாவுக்கு நல்ல கத்தரிக்காயைப் பார்த்துப் பொறுக்குவது எப்படி என்று சொல்லிக்கொடுத்தார். டிரைவர் லிஃப்ட்காரரின் தோளில் கை போட்டு, "மேலயும் கீழயும் போற வண்டி ஓட்டுறவன் நீ, முன்னாடி பின்னாடி போற வண்டி ஓட்டுறவன் நான்" என்று உறவு கொண்டாடினார். பார்ப்பவர்களுக்கு இது ஒரு நல்ல குடும்பம் என்றுகூடத் தோன்றியிருக்கும்.

அப்பா ஒரு கோடியில். அக்கா மறு கோடியில்.

ஆறு மணிக்கு வெயில் தாழ்ந்தபோது அக்கா கிளம்பினாள். லிஃப்ட்காரரின் நண்பருடைய கார். தொட்டில் அதில் நுழையவில்லை. "வீட்டுலயே இருக்கட்டும், அப்புறம் பாத்துக்கலாம்" என்றாள் அம்மா. அக்கா என்னைப் பார்த்தாள். நான் வேறு பக்கம் பார்த்தேன்.

கார் கதவு மூடியது. அப்போது அப்பா வாசல் படியிலிருந்து சுவரைப் பிடித்துக்கொண்டு இறங்கி வந்தார். அதற்கு முன்னால் பத்து வருஷம் ஓடுகிற பஸ்ஸில் நின்றே டிக்கெட் கிழித்து முட்டி தேய்ந்துபோனதால்தான் அவரை டைம் கீப்பர் கூண்டுக்குள் உட்கார வைத்தார்கள். எங்கள் வீட்டு இரண்டு படியையே ஒவ்வொன்றாக நின்றுதான் ஏறுவார். கார் ஜன்னல் அருகே வந்து குனிந்தார்.

"எத்தனை படி?"

அக்காவிடம். நேராக. ஐந்து மாதத்தில் முதல் தடவை.

அக்கா நிமிர்ந்து உட்கார்ந்தாள். "எது?"

"உங்க வீட்டுக்கு."

"அம்பத்து நாலு."

"கைப்பிடி இருக்கா?"

"ரெண்டாவது மாடி வரைக்கும்தான்."

"ம்" என்றார் அப்பா. நிமிர்ந்தார். ஜன்னல் திறந்தே இருந்தது. அக்கா காத்திருந்தாள். நானும் காத்திருந்தேன். ஒரே ஓர் எழுத்து, இன்னும் ஒரு மூச்சில் வந்துவிடும். அப்பா இரண்டடி பின்னால் நகர்ந்து, வண்டி எடுக்கலாம் என்று கையைக் காட்டினார். பழக்க தோஷம். கார் போய்விட்டது.

"ஏம்ப்பா!" என்றேன். அழுகைதான் வந்தது எனக்கு. "ஜன்னல் தொறந்துதானே இருந்துச்சு? சொல்ல வேண்டியதுதானே?"

"அது ரோடு" என்றார். "வீட்டுக்குக் கூப்பிடறதை ரோட்டுல நிறுத்தி வெச்சா கூப்பிடுவாங்க? அவ வீட்டு வாசல்ல போய் நின்னு கூப்பிடணும். அதான் முறை. நாளைக்குக் காலை டூட்டி முடிச்சிட்டுப் பத்து மணிக்குப் போறேன்."

பத்து மணி.

ஏழு மணிக்கு வேன். என் கை அக்காவின் கைமேல் அடித்த சத்தம் எனக்கு மறுபடியும் கேட்டது. மத்தியானம் நாற்பது பேர் முன்னால் நான் கத்திய சத்தமும் கேட்டது. இந்த வீட்டில் கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டிய ஒரே உருப்படியான சேதி என் வாய்க்குள் இருக்கிறது. அதைத் திறக்கக் கூடாதென்று சத்தியம் செய்தவளும் நான், இனிமேல் திறக்க மாட்டேன் என்று அறிவித்தவளும் நான்.

"அப்பா, நம்ம ஸ்டாப்புல முதல் வண்டி எத்தனை மணிக்கு?"

"நாலு அம்பது. ஏன்?"

"அதுல போங்க."

"டூட்டி இருக்கே."

"மாத்திக்குங்க."

"முப்பது வருஷத்துல நான் டூட்டி மாத்தினதில்லை."

"முப்பது வருஷத்துல உங்க பொண்ணைக் கூப்பிடவும் போனதில்லை. நான் எதுவும் சொல்ல மாட்டேன், கேக்காதீங்க. நாலு அம்பது வண்டியில போங்க."

அவர் என்னை உற்றுப் பார்த்தார். சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்தார். விருந்து அட்டவணையின் பின்பக்கத்தில் கிறுக்கினார்.

"அது நேரா அந்தப் பக்கம் போகாது. ரெண்டு இடத்துல மாறணும். ஆறே முக்காலுக்குத்தான் அவ தெருமுனையில இறக்கிவிடும்."

ஆறே முக்கால். பதினைந்து நிமிஷம் இருக்கிறது. ஐம்பத்து நாலு படி, அதில் பதினெட்டுக்குக் கைப்பிடி இல்லை.

"வண்டி லேட்டாகாதில்லப்பா?" என்றேன்.

முப்பது வருஷ டைம் கீப்பர் தன் கடிகாரத்தைக் காதோரம் வைத்து, ஓடுகிறதா என்று கேட்டுப் பார்த்தார்.